சிலம்பக் காலடியைக் காணொலியில் பிடித்தல்

கோயில் திருவிழாவில் எடுத்த சிலம்பக் காணொலிகள் எங்கள் ஊர்க்காரர்களின் கைப்பேசிகளில் நிறையவே இருக்கின்றன. உறுமி மேளம் அதிரும், இருபுறமும் கூட்டம் நெருக்கும், நடுவில் ஒருவர் கம்பை விளாசிக்கொண்டு போவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை எத்தனை முறை பார்த்தாலும் ஒரு பிள்ளையால் ஒரு காலடியைக்கூடப் பழக முடியாது. எடுத்தவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கையை உயர்த்தி எடுத்திருப்பார். இடுப்புக்குக் கீழே தெரிவதெல்லாம் முன்வரிசைக்காரர்களின் தலைகள். கம்பு ஒரு மங்கலான வட்டமாகத் தெரியும். கற்க வேண்டியது எதுவோ அது மட்டும் படத்தில் விழுந்திருக்காது.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். எனக்கு எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. சிலம்பத்தைச் சிறு வயதில் பழகி, வேலைக்குப் போனபின் விட்டுவிட்டேன். மகனைச் சேர்க்கப் போன இடத்தில் அது மீண்டும் தொற்றிக்கொண்டது. எங்கள் ஆசான் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலை ஒட்டிய திடலில் வகுப்பு நடக்கிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் நடந்தே வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. குடும்பங்கள் தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் ரவாங், கிள்ளான் நகரங்கள் பக்கமும் பெயர்ந்துவிட்ட பிறகு, ஒரு பிள்ளை வகுப்புக்கு வர ஒரு வாகனமும் ஓட்ட ஓர் ஆளும் ஓய்வான ஒரு மாலையும் சேர்ந்து அமைய வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை வருகிறவன் போன வாரம் பழகியதை மறந்துவிட்டு வருகிறான். பாதி வகுப்பு மறந்ததை மீட்பதிலேயே போய்விடுகிறது. வீட்டில் பார்த்துப் பழகக் காணொலி வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

கபடிக்குத் தொலைக்காட்சி கிடைத்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க விளையாட்டாக நுழைந்தது. 2014இல் இந்தியாவில் புரோ கபடி லீக் தொடங்கியபின் விதி தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சிலம்பம் இப்போதுதான் அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் கால் வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக அதைச் சேர்த்தார்கள். பெரிய கேமராக்கள் வரும்வரை தோட்டப்புற வகுப்புகள் காத்திருந்தால், கேமரா வரும் நாளில் காட்டுவதற்கு ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

ஆசானிடம் சொன்னபோது உடனே சம்மதிக்கவில்லை. “கம்பைப் பிடிக்கவே இரண்டு மாதம் காக்க வைத்தார் என் ஆசான். நீ பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் என்கிறாய்” என்றார். வித்தையை மறைத்து வைக்கும் பழக்கத்தை நான் மூடத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். தகுதியில்லாதவன் கையில் போனால் யாருக்காவது மண்டை உடையும் என்ற கவலை அதற்குள் இருக்கிறது. கடைசியில் அவரே ஒரு கோடு போட்டார். வணக்கம், நிலை, காலடிகள், ஒற்றைக் கம்பு வீச்சின் அடிப்படைகள், அடியைத் தடுக்கும் தட்டு ஆகியவை வெளியே போகலாம். அடி விழும் இடங்கள், வர்மம் சார்ந்தவை, பிடிபூட்டுகள் எல்லாம் நேரில் மட்டும். தனியாகப் பழகினால் தனக்கும் பிறருக்கும் காயம் வரக்கூடியது எதுவோ அது காணொலிக்கு வராது என்று இந்தக் கோட்டுக்குப் பொருள் கொண்டேன். இதைவிட நல்ல வடிகட்டியை நானாக யோசித்திருக்க முடியாது.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதல் எதிரி கம்பின் வேகம். நெற்றி உயரக் கம்பு என்றால் ஏறத்தாழ 1.6 மீட்டர். நடுவில் பிடித்துச் சுழற்றினால் முனைக்கும் கைக்கும் 80 சென்டிமீட்டர். நன்றாகப் பழகியவர் நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால் முனையின் வேகம் நொடிக்கு 15 மீட்டர். கைப்பேசி தானாக அமைத்துக்கொள்ளும் ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு ஒளியை உள்ளே விடும் நேரம், மாலை வெளிச்சத்தில் 1/60 நொடிக்கு இறங்கிவிடும். அந்த இடைவெளியில் முனை 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. படத்தில் கம்பு விசிறியாகத் தெரிவது அதனால்தான். ஷட்டரைக் கையால் அமைக்க விடும் செயலி ஒன்றை இறக்கி 1/1000 வைத்தால் நகர்வு ஒன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கும். கம்பு கம்பாகத் தெரியும். அதற்கு விலை உண்டு. ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். மாலை ஆறரைக்குப் படம் கறுத்துப் போகும்.

திடல் விளக்கைப் போட்டு எடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், 1/1000 ஷட்டரில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக ஓடும். ஷட்டரை 1/100க்கு இறக்கினால் பட்டை மறையும், கம்பு மீண்டும் விசிறியாகும். ஆக, இரவில் பாடக் காணொலி எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல், பனி காய்ந்து, வெயில் ஏறுவதற்குள் எடுக்கிறோம். பிற்பகல்களை மழை எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு விந்தை. முதலில் எடுத்தவற்றைப் பார்த்த ஒருவர், ரப்பர் கம்பா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். உண்மையிலேயே கம்பு வாழைப்பழம் போல வளைந்து தெரிந்தது. கைப்பேசிக் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மேல்வரியைப் படித்துக் கீழ்வரிக்கு வருவதற்குள் கம்பு திரும்பிவிடுகிறது. ஷட்டர் நேரத்தை எவ்வளவு சுருக்கினாலும் இந்த வளைவு போகாது. நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுகாட்சி முறைக்கு மாற்றினால் பெருமளவு குறையும். அந்த முறையில் கேமரா வரிகளை இன்னும் விரைவாகப் படித்தாக வேண்டும் என்பதே காரணம்.

மெதுகாட்சியை வளைவுக்காகத்தான் தேடிப் போனேன். கிடைத்தது வேறு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

ஆசான் எப்போதும் முதலில் மெதுவாகச் செய்துகாட்டுவார். எல்லா ஆசான்களும் அப்படித்தான். அவர் மெதுவாகச் செய்ததையும் வேகமாகச் செய்ததை எட்டு மடங்கு மெதுவாக்கியதையும் திரையில் அடுத்தடுத்து ஓடவிட்டோம். இரண்டும் ஒரே அசைவு இல்லை. மெதுவாகச் செய்யும்போது கம்பு கீழே விழாமலிருக்க விரல்கள் அதைத் தொடர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வேகத்தில் அப்படி இல்லை. ஒரு கட்டத்தில் உள்ளங்கை திறந்துவிடுகிறது. கம்பு தன் சுழற்சியின் பலத்தில் புறங்கையின் மேல் உருண்டு, கட்டைவிரல் வளைவில் வந்து மறுபடி உட்காருகிறது. மணிக்கட்டு திரும்புவதும் மெதுவாகச் செய்ததைவிடச் சற்று முன்னதாகவே நடந்துவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளாகக் கம்பு பிடிக்கும் மனிதர் தன் கையை அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தார். திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னார். பிறகு, “நான் சொல்லிக் கொடுப்பது ஒன்று, செய்வது ஒன்றாக அல்லவா இருக்கிறது” என்று சிரித்தார்.

வகுப்பில் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் திணறுவது ஏன் என்பதும் விளங்கியது. மெதுவாகக் காட்டிய இறுக்கமான பிடியை அப்படியே வேகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார்கள். இறுக்கிய பிடியில் கம்பு மூன்றாம் சுற்றில் முழங்கையைத் தட்டும். இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்போது கம்புக் காணொலி ஒவ்வொன்றிலும் முதலில் முழு வேகம், பிறகு அதே வீச்சின் மெதுகாட்சி, மறுபடி முழு வேகம் என்ற வரிசை வைத்திருக்கிறோம். மெதுவாகச் செய்துகாட்டுவது காலடிகளுக்கு மட்டும். காலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மெதுவாக வைத்தாலும் வேகமாக வைத்தாலும் பாதம் விழும் இடம் ஒன்றுதான்.

காலடி என்றதும் கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். முன்னாலிருந்து எடுத்தால் பார்ப்பவனுக்கு இடமும் வலமும் மாறும். ஆசான் வலக்காலை எடுத்தால் திரைக்கு எதிரே நிற்கும் பிள்ளை இடக்காலை எடுக்கும். படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போடலாம் என்றால், பிறகு நேரில் வகுப்புக்கு வரும்போது குழப்பம் இரட்டிப்பாகும். எனவே பின்னாலிருந்து எடுக்கிறோம். ஆசானின் முகம் தெரியாது. முகம் தெரியாத காணொலியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. பழகுகிறவன் பார்ப்பான், எனக்கு அது போதும்.

பின்பக்கம் எடுத்தாலும் கால் முன்னே எவ்வளவு போயிற்று என்பது தெரிவதில்லை. மேலிருந்து பார்த்தால்தான் காலடியின் கோலம் புலப்படும். ஆலைப் பட்டறையில் வேலை பார்ப்பதன் ஒரே நன்மை, இந்த மாதிரிச் சமயங்களில் கை சும்மா இருக்காது. பழைய கார் டயருக்குள் சிமெண்டு ஊற்றி நடுவில் குழாய் நட்டுப் பூப்பந்துக் கம்பம் செய்வதை எல்லாத் தாமானிலும் பார்த்திருப்பீர்கள். அதே அடித்தளம்தான். ஒன்றே கால் அங்குல இரும்புக் குழாய் கடையில் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். அதை வெட்டி, 4.5 மீட்டர் நிமிர்ந்த கம்பமாகவும் மிச்சத்தைக் குறுக்குக் கையாகவும் பொருத்தினேன். குறுக்குக் கையின் முனையில் கைப்பேசி தரையைப் பார்த்துத் தொங்கும். மறுமுனையில் எடைச் சமனுக்கு மணல் நிரப்பிய எண்ணெய்ப் போத்தல்.

4.5 மீட்டர் என்பது குத்துமதிப்பாக வந்தது இல்லை. கையை முழுதாக உயர்த்தினால் ஆசானின் விரல் நுனி 2 மீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். கம்பின் ஒரு முனையைப் பிடித்து நெட்டுக்குத்தாகத் தூக்கினால் இன்னொரு 1.6 மீட்டர். மொத்தம் நாலுக்குள் முடிகிறது. அரை மீட்டர் இடைவெளி விட்டேன். அந்த உயரத்திலிருந்து கைப்பேசியின் சாதாரண லென்ஸுக்குத் தரையில் ஏறத்தாழ 5 மீட்டர் அகலம் தெரியும். மூன்று நான்கு காலடிகளுக்கு அது தாராளம். அகன்ற கோண லென்ஸைப் போட்டால் இன்னும் தெரியும், ஆனால் ஓரங்களில் கோடுகள் வளையும். நேரே வைத்த கால் கோணலாகத் தெரியும். வேண்டாம்.

காற்றில் குறுக்குக் கை ஆடத்தான் செய்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து மூன்று திசைகளில் நைலான் கயிறு இழுத்துக் கட்டியபின் நின்றது. கைப்பேசியின் உறைக்குள் ஒரு கயிற்றை நுழைத்துக் குழாயோடு தனியாகவும் கட்டியிருக்கிறேன். பிடிப்பான் கழன்றாலும் கீழே நிற்பவர் தலையில் விழாது. தலைகீழாகத் தொங்கும்போது திரை வானத்தைப் பார்க்கும்; வெயில் நேரே விழுந்து கைப்பேசி சூடாகிப் பதிவை நிறுத்திவிடும். அதன் மேல் வெள்ளை நுரைப்பலகைத் துண்டு ஒன்றைக் கூரையாக வைத்தது நல்ல பலன் தந்தது. இந்த முழு வேலையிலும் அதுதான் மலிவான தீர்வு.

கோணம் சரியானாலும் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. காய்ந்த ரோத்தான் (பிரம்பு) கம்பு, மஞ்சள் பழுப்புத் தரை, பின்னால் செம்பனை அடிமரங்கள். ஆசானின் பேத்திதான் ஒரு வழி சொன்னாள். கம்பின் ஒரு முனையில் சிவப்பு ஒட்டுநாடா, மறுமுனையில் வெள்ளை. மின்வேலைக்காரர்கள் சுற்றுகிற அதே நாடா. சுற்றியபின் எந்த முனை முன்னே வருகிறது, எது பின்னே போகிறது என்பதைச் சிறுவனும் சொல்லிவிடுவான். அதே யோசனையைக் காலுக்கும் கொண்டுவந்தோம். இடது கணுக்காலில் மஞ்சள் துணி, வலதில் நீலம். தரையில் காலடி விழும் புள்ளிகளைத் திடலுக்குக் கோடு போடும் சுண்ணாம்பால் குறித்தோம். குரல் விளக்கமும் மாறியது. “வலது காலை முன்னே வை” என்பதோடு “நீலம், இரண்டாம் புள்ளிக்கு” என்றும் ஆசான் சொல்கிறார். இடம் வலம் இன்னும் பிடிபடாத ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது வாக்கியம்தான் வேலை செய்கிறது. கறுப்புச் சட்டை அணிந்து நின்றால் எல்லாம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பனை ஓலைகள் அசையும் பின்னணி அழகுதான். ஆனால் காணொலியைச் சுருக்கும்போது அது எமன். ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு படத்திலும் நகர்ந்துகொண்டிருந்தால், சுருக்கும் மென்பொருள் தன் இடத்தையெல்லாம் இலைகளுக்கே செலவழித்துவிட்டுக் கம்பைக் கட்டங்கட்டமாக உடைத்துவிடும். ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவின் வெறுஞ்சுவர் முன் எடுத்த காணொலி, அதே நீளத்துக்குப் பாதி அளவிலும் தெளிவாக நிற்கிறது.

ஒலியை நான் அதிகம் யோசிக்கவில்லை. ஆசான்தான் யோசிக்க வைத்தார். பின்னணியில் உறுமி இசை போடலாம் என்று மகன் சொன்னான். ஆசான் மறுத்துவிட்டார். கம்பு காற்றை வெட்டும் ஓசைதான் பாடத்தின் பாதி என்பது அவர் கட்சி. இரு முனைகளும் சீராகப் போனால் ‘விர், விர்’ என்று சம இடைவெளியில் கேட்கும். ஒரு முனை தளர்ந்தால் ஒன்று அழுத்தமாகவும் ஒன்று மெலிவாகவும் நொண்டும். கண்ணை மூடிக்கொண்டே யார் எங்கே தவறுகிறார்கள் என்று அவர் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஓசையின் மேல் இசையைப் பூசுவது பாடத்தை அழிப்பது. திரைப்பாடல் போட்டால் யூடியூப் உரிமைப் பிரச்சினை எழுப்பும் என்பது துணைக் காரணம். ஆசானின் விளக்கத்தைப் பிறகு வீட்டுக்குள் தனியாகப் பதிந்து சேர்க்கிறோம். மேலே ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கைப்பேசிகளின் படங்களையும் பொருத்த, தொடக்கத்தில் ஒருவர் கையை உரக்கத் தட்டினால் போதும். அந்த ஓசை இரண்டிலும் எங்கே விழுகிறதோ அதைச் சேர்த்து வைத்தால் படமும் சேர்ந்துவிடும்.

பகிர்வது எடுப்பதைவிடக் கடினமான வேலை. எங்கள் வகுப்புக்குள் எல்லாம் வாட்ஸ்அப்தான். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கும். சுருங்கியதை ஒருவர் வேறு குழுவில் இறக்கி ஏற்றினால் அது மீண்டும் அடிவாங்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. 2 ஜிபி வரை போகும். ஆனால் தோட்டத்து உள்பகுதியில் இணையச் சமிக்ஞை ஒரு கோடுதான். அங்கிருப்பவர்களுக்கு ஒரு பெரிய கோப்பைவிட ஒன்றரை நிமிடத் துண்டுகள்தான் சௌகரியம். ஒரு துண்டில் ஒரே ஒரு விஷயம். முழுப் பாடத்தையும் யூடியூபில் ஏற்றி, விளக்கக் குறிப்பில் 0:00 முதல் நேரங்களை எழுதிப் பகுதி பிரித்துவிடுகிறோம். குறைந்தது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பிரிவுகள் தோன்றும். கணினியில் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு வித்தை: நிறுத்திவிட்டு, காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் காணொலி ஒவ்வொரு படமாகப் பின்னும் முன்னும் நகரும். பாதி பேருக்கு இது தெரியாது. மணிக்கட்டுத் திருப்பத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

தலைப்பும் விளக்கமும் தமிழிலும் மலாயிலும் இருக்கின்றன. இதற்கு முணுமுணுப்பு வந்தது. சிலம்பத்துக்கு எதற்கு மலாய் என்றார்கள். தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதுக்குப் பழக்கம், கண்ணுக்குப் பழக்கமில்லை. எழுத்துத் தெரியவில்லை என்பதற்காக அவர்களைக் கம்பிலிருந்தும் தள்ளி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குரல் தமிழில் இருக்கிறது. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் பழகும் மலாய் இளைஞர் ஒருவர் மலாய் வரிகளைப் படித்துவிட்டுக் காலடி பற்றி நுணுக்கமாகக் கேள்வி கேட்டிருந்தார். ஆசான் அதற்கு மட்டும் தனியாக ஒரு காணொலியில் பதில் சொன்னார். இன்றுவரை அவர் மிகவும் ரசித்துப் பேசிய காணொலி அதுதான்.

பிள்ளைகள் முகம் தெரிகிற எதையும் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஏற்றுவதில்லை. வகுப்பு நோட்டில் ஒரு பக்கம் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகள் வரும் காணொலிகளில் கருத்துப் பகுதி மூடியே இருக்கும். பேத்தி பதினைந்து வயதுக்காரி. அவள் செய்துகாட்டும் பாடங்கள் பெரும்பாலும் பின்னாலிருந்தும் மேலிருந்தும் எடுத்தவை. முகம் காட்டாத கோணம் இங்கே இன்னொரு வகையிலும் உதவிற்று.

ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தால் இது பாதி வேலைதான். கற்பவன் தன் காணொலியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. அடுத்த பாடத்தின் இணைப்பு அதற்குப் பிறகே கிடைக்கும். அப்படி வந்தவற்றிலிருந்துதான் எதை அடுத்து எடுப்பது என்பதே முடிவாகிறது. பெரும்பாலானோர் கம்பையே பார்த்துக்கொண்டு சுற்றுகிறார்கள். எதிரில் ஆள் நின்றால் என்ன செய்வார்கள்? பின்காலின் குதிகால் தூக்கிக்கொள்கிறது. கால்களை நெருக்கி வைத்துக்கொள்கிறார்கள். தாமான் வீட்டு வாசல் அவ்வளவுதான் இடம் தருகிறது. வரவேற்பறையில் பழகிய ஒரு பிள்ளையின் அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார்: “அண்ணே, மின்விசிறி இறக்கை ஒன்று போய்விட்டது. ஆசானிடம் சொல்ல வேண்டாம் என்கிறான்.” அதன்பின் எல்லாக் காணொலியின் தொடக்கத்திலும், தலைக்கு மேலே பார், சுற்றிலும் இரண்டு கம்பு தூரம் பார், என்ற ஆசானின் குரலை ஒட்டிவிட்டோம்.

கம்பு இல்லாதவர்கள் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நல்ல மனாவ் வகை ரோத்தானைத் தேர்ந்து, தீயில் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசித் தருவதற்கு ஆள் வேண்டும். தொடக்கத்துக்கு, வன்பொருள் கடையில் கிடைக்கும் மின்கம்பி செல்லும் பிவிசி குழாயை நெற்றி உயரத்துக்கு வெட்டி, இரு முனையிலும் நுரை சுற்றச் சொல்கிறோம். எடை போதாது, உள்ளங்கை திறந்து உருளும் அந்த வித்தை அதில் சரியாக வராது. காலடிக்கும் பிடிக்கும் போதும். ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது, உடைந்தால் விளிம்பு கத்தி போல இருக்கும். ரோத்தான் கிடைத்தபின் அதை வெயிலில் போட்டுக் காயவிடாமல் அவ்வப்போது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சிறு காணொலி இருக்கிறது. கம்பு நிமிர்த்தும் காணொலியைத்தான் கிழவர்கள் அதிகம் பார்க்கிறார்கள். அவர்களுக்குள் எண்ணெய் எது என்று சண்டை.

தமிழ்நாட்டு ஆசான்கள் சிலர் அருமையான பாடங்களைப் போட்டிருக்கிறார்கள். அவற்றை இறக்கி எங்கள் பக்கத்தில் ஏற்றிவிடலாம் என்று சொன்னவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொன்னேன்: இணைப்பை மட்டும் பகிருங்கள். உழைத்தவருக்குப் பார்வையும் கேள்வியும் போய்ச் சேர வேண்டும். திருடி ஏற்றினால் அவர் அடுத்ததை எடுக்கமாட்டார். ஒரே பெயருடைய காலடி அங்கே ஒருவிதம், இங்கே ஒருவிதம் இருப்பதும் உண்டு. அந்த இடங்களில் ஆசான் “இது அவர்கள் முறை, இது நம் முறை, முதல் ஆறு மாதம் ஒன்றைப் பிடி” என்று குறிப்புப் போடச் சொல்வார். எது சரி என்ற வழக்குக்குள் அவர் போவதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பார்வை எண்ணிக்கையைச் சொல்வதில்லை. திருவிழாக் காணொலிகளோடு ஒப்பிட்டால் அது சிரிப்புக்கிடமானது. வகுப்பில் மறந்ததை மீட்கும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வருகிறவர்கள் கேள்வியோடு வருகிறார்கள். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில குடும்பங்கள் பிவிசி குழாயோடு தாமாகவே தொடங்கி, காலடிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காணொலியில் திருத்தக்கூடியதெல்லாம் திருத்தி முடிந்த கட்டத்தில் ஆசான், “இனி நான் போய்த்தான் ஆகவேண்டும் தம்பி, வண்டியை எடு” என்றார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே வகுப்பு.

அடுத்து எடுக்க வேண்டியது தொடுமுறை. இருவர் மோதி, யார் முதலில் தொட்டார் என்று பார்க்கும் ஆட்டம். இங்கே மேற்கோணம் உதவாது. தலையும் தோளும் தொடுகையை மறைத்துவிடும். இருபுறமும் ஒவ்வொரு கைப்பேசி, இரண்டும் 240 படத்தில், காலை வெளிச்சத்தில். கம்பு முனையில் வண்ணப் பொடி தடவினால் தொட்ட இடம் சட்டையில் பதியும். நடுவர் பழகவும் அது ஆகும். வெள்ளைச் சட்டைகளும் தலைக்கவசங்களும் இருக்கின்றன. இரண்டாவது கைப்பேசியில் மெதுகாட்சி 120 படத்தோடு நின்றுவிடுகிறது. 240 எடுக்கும் பழைய கைப்பேசி ஒன்று, திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருந்தால் ஒரு ஞாயிறு காலைக்கு இரவல் வேண்டும்.